மழை நாளில் ஒட்டிய கோன்

பெற்றீசியாவுக்குச் சும்மா உட்கார வராது. வேதக் கோயிலில் சாமியார் பிரசங்கம் வைக்கும்போதுகூட முந்தானை ஓரத்தைச் சுருட்டுவாள், பிரிப்பாள், மறுபடி சுருட்டுவாள். மலையில் கொழுந்து எடுக்கிற வரைக்கும் பிரச்சினை இல்லை, கை தன்பாட்டில் ஓடிக்கொண்டிருக்கும். வேலை விட்டு லயத்துக்கு, தொழிலாளர் வரிசை வீட்டுக்கு, வந்த பிறகுதான் தொல்லை. கழுவிய சட்டியையே திரும்பக் கழுவுவாள். நேற்று அடுக்கிய விறகை இன்றைக்குக் கலைத்து அடுக்குவாள். பிறகு வாசலில் நின்று ரோட்டைப் பார்ப்பாள், யாரும் வருவதாக இல்லாவிட்டாலும்.

"இவ குண்டிக்குக் கீழ யாரோ அடுப்பு மூட்டி வச்சிருக்காங்க" என்பாள் லயத்தின் அடுத்த காம்பராவில், அடுத்த அறையில், இருந்த வீரம்மா.

அப்படிப்பட்டவளை ஓர் இடத்தில் உட்கார வைத்தது கிழிந்த ஸ்பீக்கர்தான்.

இலங்கை மலைநாட்டில் பூண்டுலோயாவுக்கு மேலே இருக்கிற தேயிலைத் தோட்டம் அது. தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது வெள்ளைக்காரத் துரை சாமான்களை விற்றுவிட்டுச் சீமைக்குப் போனார். அவர் கிட்டார் வாசிக்கிற மனிதர். அவருடைய பழைய எம்பிளிபயர் பெட்டி பெற்றீசியாவின் தம்பி லோரன்ஸிடம் வந்து சேர்ந்தது. லோரன்ஸ் ஸ்டோரில், அதுதான் தேயிலைத் தொழிற்சாலையில், வேலை செய்தான். நேரம் கிடைத்தால் நானுஓயா டக்ளஸின் பாட்டுக் கோஷ்டியில் கிட்டார் வாசிப்பான். பெட்டியைத் தூக்கி வந்து பின்பக்கத்தைத் திறந்தபோதுதான் தெரிந்தது, ஸ்பீக்கரின் கோனை, அதுதான் சத்தம் எழுப்புகிற தாள் புனலை, எலி தின்றிருந்தது. நடுவில் ஒரு வட்டமும் சுற்றிவரக் கந்தலும் மட்டும் மிச்சம்.

அது வெளிநாட்டுச் சாமான் எதுவும் வராத காலம். கொழும்பு முழுக்க நடந்தாலும் அந்த அளவில் கோன் கிடைக்காது. லோரன்ஸ் ஒரு கிழமை அதைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டான். பிறகு கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுச் சினிமாவுக்குப் போனான். அன்றைக்குப் பெற்றீசியாவுக்குக் கழுவுவதற்குச் சட்டி இல்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து ஸ்பீக்கரை இழுத்து மடியில் வைத்தாள்.

அவள் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். காந்தம் இரும்பை இழுக்கும் என்பது மட்டும் தெரியும். ஆனால் பார்த்தாலே விளங்கிவிடும் போல இருந்தது. பின்னால் பெரிய காந்தம். அதன் நடுவே மோதிரம் போல ஒரு சந்து, நகம்கூட நுழையாத சந்து. அந்தச் சந்துக்குள் தொங்குகிறது செம்புக் கம்பி சுற்றிய சின்னக் கொயில். கொயில் காந்தத்தில் எங்கேயும் உரசக்கூடாது. அதைச் சந்துக்கு நேராகப் பிடித்துக்கொள்வது மடிப்பு மடிப்பாக ஒரு துணி வட்டம். கொயிலோடு ஒட்டியிருப்பது கோன். கொயில் ஆடினால் கோன் ஆடும், கோன் ஆடினால் சத்தம் வரும். இவ்வளவுதானே என்று நினைத்தாள். இவ்வளவையும் சரியாக ஒட்டப் பழகுவதற்குள் மூன்று கோன் பாழாய்ப் போனது வேறு கதை.

தேயிலைப் பெட்டிக்குள் விரிக்கிற தடித்த தாளை வட்டமாக வெட்டி, ஒரு துண்டு எடுத்துவிட்டு, புனல் போல வளைத்து ஒட்டினாள். ஓரத்தில் சீத்தைத் துணியை நாடாவாக வெட்டிப் போட்டாள். பசை, சப்பாத்து தைக்கிறவர்கள் பூசுகிற பசை. கொயிலை நடுவில் நிறுத்துவதுதான் பெரிய பாடு. ஆஸ்பத்திரியில் அப்பாவுக்கு நெஞ்சில் பிடித்த எக்ஸ்ரே படம் ஒன்று பெட்டியில் கிடந்தது. அப்பாவும் இல்லை, இனிப் படத்துக்கும் வேலை இல்லை. அந்தப் பிலிமை மெல்லிய கீற்றுகளாக வெட்டி, கொயிலுக்கும் காந்தத்துக்கும் இடையில் சுற்றிவரச் செருகினாள். கொயில் அசையாமல் நின்றது. பசை நன்றாகக் காய்ந்த பிறகு கீற்றுகளை உருவி, கோனின் நடு ஓட்டையை ஒரு வட்ட மூடியால் ஒட்டி மூடினால் வேலை முடிந்தது.

"என்னா புள்ள, கடுதாசிக்குக் கண்ணாலம் பண்ணி வக்கிறியா?" என்று வீரம்மா எட்டிப் பார்த்தாள்.

"ஆமாங்க்கா. மாப்பிள்ளைக்குத்தான் காது கேக்கல."

லயத்தில் கரண்ட் கிடையாது. அதனால் அவளுக்குத் தன்னுடைய வேலையைக் கேட்டுப் பார்க்க வழியில்லை. டோர்ச் பெட்டரியிலிருந்து இரண்டு கம்பி இழுத்து ஸ்பீக்கரில் தொடுவாள். 'டப்' என்று கோன் முன்னால் தள்ளும். அந்த 'டப்' சுத்தமாக இருக்கிறதா, அதோடு மணல் கீறுவது போல ஏதாவது சேர்ந்து வருகிறதா என்று காதை வைத்துக் கேட்பாள். அவள் கேட்கிற சங்கீதம் அவ்வளவுதான். மிச்சத்தை லோரன்ஸ் வந்து சொல்ல வேண்டும்.

லோரன்ஸ் சொல்லாதது ஒன்று இருந்தது. பெட்டியை முதல் தடவை கோஷ்டிக்கு எடுத்துப்போனபோது டக்ளஸ் வாயைப் பிளந்து, "யாருடா செஞ்சது?" என்று கேட்டிருக்கிறார். இவன் விளையாட்டாக "வேற யாரு, நான்தான்" என்றிருக்கிறான். விளையாட்டு அங்கேயே நிற்கவில்லை. ராகலையிலிருந்து ஒரு கலியாணப் பார்ட்டிக்காரர் கிழிந்த ஸ்பீக்கர் பெட்டி கொண்டுவந்தார். நானுஓயாக் கோயிலிலிருந்து ஒன்று வந்தது. அட்டனிலிருந்து இரண்டு. எல்லோரும், கைவேலைக்காரரைக் கூப்பிடுகிற வழக்கப்படி, "லோரன்ஸ் பாஸ்" என்று கேட்டுக்கொண்டுதான் வந்தார்கள். பாஸ் வாசலில் நின்று பெட்டியை வாங்குவார். ஒரு தட்டுத் தட்டி, "கொஞ்சம் வேல இருக்குங்க, அடுத்த கெழம வாங்க" என்பார். பாஸின் அக்கா உள்ளே அடுப்பங்கரையில் இருப்பாள்.

அப்போது பெற்றீசியாவுக்கு அது பெரிதாகப் படவில்லை. பெட்டி வந்தால் போதும், கைக்கு வேலை இருந்தால் போதும்.

பெரிதாகப் பட்டது, லோரன்ஸ் இந்தியாவுக்குப் போக நாள் குறித்து வந்தபோது. அவன் பெண்டாட்டி ஜோசப்பினின் வீட்டாரோடு சேர்ந்து இந்தியப் பிரஜாவுரிமைக்கு எழுதியவன். பெற்றீசியா இலங்கைக்கு எழுதியவள். இது முன்பே தெரிந்ததுதான். ஆனால் அவன் பெண்டாட்டி தகரப் பெட்டியில் துணி அடுக்கத் தொடங்கியதும் பெற்றீசியாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தம்பி போகிறான் என்ற துக்கம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், வாய்விட்டுச் சொல்ல வெட்கமான ஒரு பயம். பாஸ் போய்விட்டால் யார் பெட்டி கொண்டு வருவார்கள்? பாஸே இவள்தான் என்று ஒருவருக்கும் தெரியாதே.

"தம்பி, டக்ளஸ்கிட்டயாவது சொல்லிட்டுப் போ."

"சொல்றேன்க்கா."

"எப்ப?"

"போறதுக்கு முந்தி சொல்ல மாட்டனா? என்னாக்கா நீ, கால்ல சுடுதண்ணி ஊத்துன மாதிரி நிக்கிற."

அடுத்த ஞாயிறு கேட்டாள். "மறந்துட்டேன்க்கா" என்றான். அதற்கடுத்த ஞாயிறு கேட்டபோது ஜோசப்பின்தான் பதில் சொன்னாள்.

"மதினி, அவருக்கு வெக்கமா இருக்காதா? இத்தன நாளா பாஸு பாஸுன்னு கூப்புட்ட ஆளுக முன்னால."

பெற்றீசியா கழுவி வைத்திருந்த குடத்தை எடுத்துக்கொண்டு பீலிக்குப் போனாள், தண்ணீருக்கு அவசியம் இல்லாவிட்டாலும்.

அந்தச் சமயத்தில்தான் டக்ளஸ் ஒரு பெட்டி கொடுத்தனுப்பினார். அவருடைய சொந்தப் பெட்டி. இரும்பு மூலையெல்லாம் துருப்பிடித்த கிழட்டுப் பெட்டி. ஆனால் அந்தச் சத்தம் வேறு எதிலும் வராது என்பார். ராகலையில் ஒரு பெரிய கலியாணம் பேசியிருந்தார். அதே நாள்தான் மாதாந்தப் பூசைக்குச் சாமியார் தோட்டத்துக்கு வருகிற ஞாயிறு. பூசை முடிய வந்து எடுத்துக்கொண்டு அப்படியே ராகலைக்குப் போவதாகச் சொல்லியனுப்பியிருந்தார். லோரன்ஸ் இருக்கும்போது வருகிற கடைசிப் பெட்டி இது என்று பெற்றீசியாவுக்குத் தெரியும். இதை மட்டும் குற்றம் சொல்ல முடியாதபடி செய்துவிட வேண்டும், பெட்டியை வாங்க டக்ளஸ் வரும்போது லோரன்ஸ் வாயைத் திறக்க வேண்டும் என்று மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.

கோனை ஒட்டினாள். கீற்றுகளைச் செருகினாள். அன்றைக்குப் பிடித்தது மழை.

மலைநாட்டு மழைக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. விடியும்போது பனி, பனி கலையும்போது தூறல், தூறல் நிற்கும்போது மறுபடி பனி. போட்ட துணி காயவில்லை, தீப்பெட்டி பற்றவில்லை. பசை மட்டும் காய்ந்துவிடுமா? விரலால் தொட்டால் நூல் நூலாக வந்தது. அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிடலாமென்றால் புகைக்கரி படிந்துவிடும். மலையில் நின்று கொழுந்து எடுக்கும்போதும் நினைப்பெல்லாம் காம்பராவில்தான். இரண்டு தரம் முற்றல் இலையைக் கிள்ளிப் போட்டுக் கங்காணியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

"பெற்றீசியா, கூடைய நெரப்புறியா, மலையச் சொரண்டுறியா?"

சனிக்கிழமை மத்தியானம் கொஞ்ச நேரம் வெயில் எட்டிப் பார்த்தது. அவள் வேலை விட்டு வந்தபோது மறுபடி மழை பிடித்துக்கொண்டது. உள்ளே ஸ்பீக்கர் மேசையில் இருந்தது. லோரன்ஸ் சிரித்துக்கொண்டு நின்றான்.

"காஞ்சிருச்சுக்கா. கீத்தெல்லாம் உருவிட்டு மூடியும் நானே ஒட்டிட்டேன்."

"ஒன்ன யாருடா ஒட்டச் சொன்னது?"

"நாளைக்கு ஆள் வருதுல்ல. நீ பாட்டுக்கு இன்னும் தொட்டுப் பாத்துக்கிட்டே இருப்ப."

தொட்டாள். உண்மையாகவே காய்ந்திருந்தது, வெயில் அவ்வளவு நேரமா அடித்தது என்று யோசிக்கிற அளவுக்கு. மூக்குக்கு அருகில் கொண்டுபோனாள். தேயிலை வாசம் அடித்தது. ஆனால் அவள் சேலையிலும் தேயிலை வாசம், லோரன்ஸின் சட்டையிலும் தேயிலை வாசம், அடுப்பங்கரையிலும் அதே வாசம்தான். அதை ஒரு வாசமாக அந்தத் தோட்டத்தில் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பெட்டரியைத் தொட்டுப் பார்த்தாள். 'டப்' கேட்டது. அதோடு வேறு ஏதாவது கேட்டதா? தகரக் கூரையில் மழை கல்லெறிவது போலக் கொட்டிக்கொண்டிருந்தது. காதைக் கோனில் ஒட்ட வைத்தும் ஒன்றும் பிடிபடவில்லை. கையால் அமுக்கிப் பார்க்கலாமென்றால் மூடியின் பசை புதுசு. வைத்துவிட்டாள். வைத்துவிட்டு மூன்று தரம் எழுந்துபோய்ப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தது. சாமியாரின் ஜீப் போன கையோடு டக்ளஸ் வேனில் வந்து இறங்கினார். நாற்பது வயதிருக்கும், வழித்துச் சீவிய தலை, கறுப்புக் கண்ணாடி. நானுஓயா ஸ்டேசனில் சாமான் ஏற்றி இறக்குகிற இடத்தில் வேலை. கோயிலுக்கு மட்டும் ஸ்டோரிலிருந்து ஒரு கம்பி இழுத்திருந்தார்கள், திருநாளைக்கு லைட் எரிக்க. அதனால் பெட்டியைக் கோயில் வாசலில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். பூசைக்கு வந்த சனம் வீட்டுக்குப் போகவில்லை. பாட்டு இருக்கும் என்று நின்றது. பெற்றீசியா தூணோரமாக நின்றாள். முந்தானை ஓரம் சுருண்டு கயிறாகியிருந்தது.

டக்ளஸ் கம்பியைச் செருகி, மேல் தந்தியைத் தட்டினார். மணி மணியாக விழுந்தது. "ஆகா" என்றார். பெற்றீசியா லோரன்ஸைப் பார்த்தாள். 'சொல்லு' என்பது போலத் தலையை அசைத்தாள். அவன் வாயைத் திறப்பதற்குள் டக்ளஸ் கீழ்த் தந்தியைத் தட்டிவிட்டார்.

'கிர்ர்ர்.'

இன்னொரு தரம் தட்டினார். மணல் கலந்த அரிசியை மெல்லுவது போல இருந்தது.

"என்னா பாஸ், உள்ள கோழி எதையாவது உட்டுட்டியா? கீறுது!"

சனம் சிரித்தது. லோரன்ஸின் முகம் சிவந்துபோனது. அடுத்த கிழமை நாட்டை விட்டே போகிறவன், கடைசியாக இந்தச் சிரிப்பையா கொண்டுபோவது? அவன் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"நான் செய்யலண்ணே. அக்கா செஞ்சது."

அத்தனை ஞாயிறாகக் கெஞ்சிக் கேட்டும் வராத வார்த்தை. அது வந்த நேரத்தைப் பாருங்கள்.

டக்ளஸ் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். "வெக்கமா இல்லையாடா? செய்யத் தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. பாவம், பொம்பளப் புள்ள தலையில கொண்டுபோயிக் கட்டுற."

ஆக, சொன்ன பிறகும் நம்ப ஆளில்லை. இப்போது பேசாமல் நின்றால் எல்லோரும் சிரித்துவிட்டுப் போவார்கள். கெட்டுப்போன ஸ்பீக்கர் லோரன்ஸின் கணக்கில் போகும். நல்லதெல்லாமும் அவன் கணக்கிலேயே நிற்கும். பேசினால், ஊர் முன்னால் அவள் தன் கையென்று காட்டுகிற முதல் வேலை இந்தக் கீறலாக இருக்கும். கால் தானாக முன்னால் வந்தது.

"நான்தாங்க செஞ்சேன். கழட்டிக் குடுங்க, பாக்குறேன்."

"நீயா தங்கச்சி?"

"ஆமாங்க. ஒரு பிளேடு வேணும்."

சனத்துக்குள் வீரம்மாவின் குரல் மட்டும் கேட்டது. "நான்தான் கண்ணால பாத்தனே! ஒருத்தரும் எங்கிட்டக் கேக்கல."

கோயில் படியில் உட்கார்ந்து ஸ்பீக்கரை மடியில் வாங்கினாள். மூடியின் ஓரத்தில் பிளேடை விட்டுக் கிழியாமல் கிளப்பினாள். உள்ளே காந்தத்தின் நடுமுனை தெரிந்தது. அதில் பூனைக்குட்டி ரோமம் போலச் சாம்பல் நிறத்தில் எதுவோ சிலிர்த்து நின்றது. விரலால் எடுத்துத் தேய்த்தாள். கறுப்பாக, கரகரவென்று இருந்தது. நடுவில் தேயிலைத் தூளும் கிடந்தது.

அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. அந்தத் தோட்டத்தில் பிறந்த யாருக்கும் விளங்கும். ஸ்டோரில் கொழுந்தை அரைக்கிற மெசின் தேய்ந்து தேய்ந்து தூளோடு இரும்பும் பொடியாக உதிரும். அதைப் பொறுக்குவதற்கென்றே தூள் சலிக்கிற இடத்தில் காந்தம் கட்டியிருப்பார்கள். தினமும் அந்தக் காந்தத்தைத் துடைக்கிறவனே லோரன்ஸ்தான். அவன் மழைக்குத் தப்பி, சூடான இடம் என்று, இவ்வளவு பெரிய காந்தத்தை வாயைத் திறந்தபடி அங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறான்.

"ஸ்டோர்லயா காய வச்ச?" என்று மெதுவாகக் கேட்டாள்.

லோரன்ஸ் தலை குனிந்தான். ஸ்டோரில் சொந்தச் சாமான் வைத்தது அங்கே பொறுப்பான டீமேக்கருக்குத் தெரிந்தால் கடைசிக் கிழமையில் அதற்கும் ஒரு வசவு இருக்கிறது.

"என்னா தங்கச்சி அது?" டக்ளஸ் குனிந்தார்.

"இரும்புத் தூளுங்க."

"அது எப்பிடி உள்ள போச்சு?"

பெற்றீசியா தம்பியைப் பார்க்கவில்லை. "தேயிலத் தோட்டமுங்க. எங்கயும் பறக்கும். நான் பாத்து மூடியிருக்கணும்."

டக்ளஸின் கிட்டார்ப் பெட்டி மூடியில் கிழிசலை மறைத்துச் செலோடேப் ஒட்டியிருந்தது. "இத எடுத்துக்கட்டுங்களா?" என்று கேட்டு அதை உரித்தாள். பிலிம் கீற்று ஒன்றையும் பசை டப்பாவையும் வீட்டிலிருந்து எடுத்துவரச் சொன்னாள். ஜோசப்பின் ஓடிப்போய்க் கொண்டுவந்தாள். கீற்றில் டேப்பை ஒட்டும் பக்கம் வெளியே இருக்கச் சுற்றி, சந்துக்குள் விட்டு, ஓரமாக நடத்தி எடுத்தாள். கறுப்பாக வந்தது. வேறு துண்டு சுற்றினாள். மறுபடி விட்டாள். அவசரப்பட்டால் கொயிலின் கம்பி அறுந்துவிடும். சனம் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்து சோறாக்கப் போனது. வேன்காரர் இரண்டு தரம் ஹாரன் அடித்தார். பெற்றீசியா தலை தூக்கவில்லை.

டேப் சுத்தமாக வெளியே வந்ததும் கோனை நான்கு விரலால் சமமாக அமுக்கினாள். போய் வந்தது. ஓசையில்லை. மூடியை அப்படியே வைத்து ஒட்டினாள்.

"கொஞ்சம் காஞ்சப்புறம் வாசிங்க. ராகல போறதுக்குள்ள பிடிச்சிரும்."

"இப்பவே மெதுவா ஒரு தட்டு?"

"மெதுவாங்க."

டக்ளஸ் கீழ்த் தந்தியைத் தட்டினார். படியில் உட்கார்ந்திருந்தவளுக்கு அது காதில் விழுவதற்கு முன்பே படிக்கல்லில் தெரிந்தது. தடித்த, சுத்தமான அதிர்வு. பெட்டரி 'டப்'புக்குப் பழகிய காது அவளுடையது. என்ன செய்வதென்று தெரியாமல் பிளேடைத் துடைத்தாள்.

அப்போதுதான் லோரன்ஸ் வாயைத் திறந்தான். "அண்ணே, அது பறந்து வரல. நான்தான் அக்காவுக்குத் தெரியாம ஸ்டோர்ல கொண்டுபோயி வச்சேன்."

"அப்ப ஒட்டுனது மட்டும் இவங்களா?"

"ஆமாண்ணே."

"ராகலக்காரன் பெட்டி?"

"அக்கா."

"எங்க கோயில் பெட்டி?"

"அக்காதான்."

"அட்டன் பெட்டி ரெண்டும்?"

லோரன்ஸ் தலையை ஆட்டினான்.

"அப்ப இத்தன நாளா பாஸு என்னாதான் செஞ்சாரு?"

"தூக்கிட்டு வந்தேன்ணே. பாரமா இருக்கும்ல."

டக்ளஸ் சிரித்தார். ஜோசப்பினும் சேலையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். பெட்டியை வேனில் ஏற்றிவிட்டு டக்ளஸ் பெற்றீசியாவிடம் வந்தார். ஏதோ பெரிதாகச் சொல்லப் போவது போல நின்றார். "சரி தங்கச்சி, பாப்போம்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார்.

இந்தப் 'பாப்போம்' அவளைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. பாப்போம் என்றால் கொண்டுவருவேன் என்றா, வேறு ஆளைப் பார்ப்போம் என்றா? லோரன்ஸிடம் கேட்டால், "பாப்போம்னா பாப்போம்தான்க்கா" என்றான். கோச்சியில் அவர்களை ஏற்றிவிடுகிற அன்றும், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஊரே ஓவென்று அழுகிற இடத்தில், அவளும் அழுதாள். அழுதுகொண்டே பிளாட்பாரத்தில் கூட்டத்துக்குள் டக்ளஸின் கறுப்புக் கண்ணாடி தெரிகிறதா என்றும் தேடினாள். தெரியவில்லை.

காம்பரா பெரிதாகிவிட்டது. சட்டி இரண்டுதான், எத்தனை தரம் கழுவுவது? பசை டப்பாவைத் திறந்து பார்த்து மூடுவாள். தேயிலைப் பெட்டித் தாளில் யாருக்கென்று இல்லாமல் ஒரு கோன் செய்து வைத்தாள், பிறகு இன்னொன்று. "எவனாவது வருவான்டி, ஒக்காரு" என்று வீரம்மா அதட்டினாள். உட்கார்ந்தால் ரோட்டில் வேன் சத்தம் கேட்பது போல இருக்கும். எழுந்துபோனால் கொழுந்து லொறியாக இருக்கும். ஈஸ்டர் வந்து போனது. அட்டனுக்கு நேரே போய் யாரையாவது கேட்டுவிடலாமா என்றுகூட ஒரு நாள் சேலை மாற்றிக்கொண்டு புறப்பட்டாள். பஸ் ஹோல்ட் வரை போய்விட்டு, என்னவென்று கேட்பது என்று விளங்காமல் திரும்பி வந்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை, மேல் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். கீழே ரோட்டில் ஒரு மனிதர் தலையில் பெரிய பெட்டியோடு நின்று, யாரிடமோ எதுவோ கேட்டார். கேட்கப்பட்டவர் மலையைப் பார்த்துக் கை காட்டினார். அந்த மனிதர் பெட்டியை மைல்கல்லின் மேல் இறக்கி வைத்துவிட்டு, இரண்டு கையையும் வாயில் குவித்துக் கத்தினார்.

"லோரன்ஸ் அக்கா யாருங்க? நானுஓயா டக்ளஸ் அனுப்புனாரு!"

நிரையில் நின்ற பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். "போடி, லோரன்ஸ் அக்கா. ஒன் பேரு அம்புட்டுத்தான்" என்றாள் வீரம்மா.

அப்படித்தான் ஆனது. பின்னால் இறக்குமதி திறந்து, கொழும்புக் கடைகளில் கோன் வந்து குவிந்த பிறகும், அந்தக் கிழட்டுப் பெட்டிகளுக்கு அது பொருந்தாது என்று அவளைத்தான் தேடி வந்தார்கள். லோரன்ஸ் யார் என்றே தெரியாதவர்களும் லோரன்ஸ் அக்கா என்றுதான் கேட்டு வந்தார்கள். ஞானஸ்நானத்தில் வைத்த பேரைச் சொல்லி ஒரு பெட்டியும் வரவில்லை. அது அவளுக்கு உறுத்தியதா என்றால், ஆரம்பத்தில் உறுத்தியது. இரண்டொரு ஆளிடம் "எம் பேரு பெற்றீசியா" என்று சொல்லியும் பார்த்தாள். "சரிங்க லோரன்ஸ் அக்கா" என்றார்கள்.

அன்றைக்கு மலையில் அதையெல்லாம் நினைக்க நேரமில்லை. கங்காணி "ஏய், எங்க போற?" என்று கத்துவதற்குள் கூடையைச் சரித்து வைத்துவிட்டு, செடிகளுக்கு நடுவே சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். ரோட்டுக்கு வந்ததும் மூச்சு வாங்கியது. மனிதர் அவளை மேலும் கீழும் பார்த்தார். பெட்டியின் பின்பக்கத்தில் கை வைப்பதற்கு முன்பே அவள் கேட்டாள்:

"எலி தின்னுச்சா, தானா கிழிஞ்சுச்சா?"